ஆப்பிளில் கறை: துடைப்பதா, சீவுவதா, எறிவதா?

ஆப்பிள் தோலில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் "அழுகல்" என்று ஒதுக்கிவிடுகிறோம். நல்ல பழம் குப்பைக்குப் போவது இதனால்தான். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சிறிய பழுப்புப் புள்ளிதானே என்று கிடங்கில் ஏற்றிய பழம் ஒரு மாதத்தில் பக்கத்துப் பழங்களையும் கெடுத்துவிடுகிறது. தோட்டக்காரருக்கு நஷ்டம் இன்னும் பெரியது. ஒரு பூஞ்சைக்கு அடிக்க வேண்டிய மருந்தை வேறொன்றுக்கு, அதுவும் காலம் கடந்த பிறகு அடித்தால் கூலியும் மருந்தும் வீண்.

நோயின் பெயரைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கறை எந்த அடுக்கில் இருக்கிறது? தோலுக்கு மேலுள்ள மெழுகிலா, தோலிலா, சதையிலா? இது தெரிந்தால் துடைப்பதா, சீவுவதா, எறிவதா என்ற முடிவு பாதி வந்துவிடும். தேவைப்படுபவை ஈரத்துணி, விரல் நகம், கூர்மையான சிறு கத்தி, முடிந்தால் 10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ்.

வரிசை முக்கியம். முதலில் ஈரத்துணியால் லேசாகத் துடையுங்கள். போகாவிட்டால் கறையின் ஓரத்தில் நகத்தால் சுரண்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தோலை மெல்லியதாகச் சீவி அடியில் பாருங்கள். கடைசியாகக் கறையின் நடுவே, பழத்தின் மையம் வரை நேராக வெட்டுங்கள். எடுத்தவுடன் வெட்டிவிட்டால் முதல் மூன்று தடயங்களும் கைவிட்டுப் போய்விடும்.

மெழுகோடு நிற்பவை

ஒப்பீட்டில் எளிதானது கரும்பூசணம். மாவிலும் கொய்யாவிலும் நாம் பார்க்கும் அதே வகைதான். அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் வளரும். தொட்டால் பிசுபிசுக்கும், ஈரத்துணிக்கே வந்துவிடும். பழத்துக்குக் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியது மரத்திலுள்ள பூச்சியை.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது புகைக்கறை. தோட்டக்காரர்கள் சூட்டி பிளாட்ச் என்பார்கள். பச்சை கலந்த கறுப்பில், விளக்குப் புகை படிந்தது போல, ஓரம் தெளிவில்லாத திட்டுகளாகப் படரும். ஈரத்துணிக்கு அசையாது, நகத்தால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதே பழத்திலேயே பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும். அது ஈப்புள்ளி. குண்டூசி முனையளவு, பளபளப்பான கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆனால் கூட்டமாக, ஈ எச்சமிட்ட இடம் போல இருக்கும். ஒரு கூட்டத்தில் ஆறு ஏழு புள்ளிகளும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்.

இவை ஆளுக்கொரு பூஞ்சையால் வருகின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, 60-க்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்கள் சேர்ந்த கூட்டம் இது என்று தெரிந்தது. பயன்படுத்துகிறவருக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. இவை எல்லாமே மெழுகுப் படலத்தின் மேல் வாழ்பவை, சதைக்குள் இறங்குவதில்லை என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. தோலைச் சீவினால் அடியில் சதை வெள்ளையாக, சுவை மாறாமல் இருக்கும். தாராளமாகச் சாப்பிடலாம்.

கிடங்குக்காரருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மெழுகுப் படலம் சேதப்பட்ட பழம் ஈரத்தை வேகமாக இழந்து சுருங்கும். அதனால் புகைக்கறைப் பழத்தை நீண்டநாள் இருப்பில் வைக்காமல் முதலில் விற்றுவிட வேண்டும். பழத்தைத் தரம் பிரிக்கும் இடங்களில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) குளோரின் நீரில் 5 முதல் 7 நிமிடம் முக்கி, தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுவது அறியப்பட்ட முறை. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 10 மில்லி. அழுக்கு சேரச்சேரக் கரைசல் வலுவிழக்கும், அளந்து பார்த்து மாற்றாவிட்டால் வெறும் தண்ணீரில் முக்கியதற்குச் சமம். சில நிமிடம் ஊறாமல் வெறுமனே தேய்த்தால் புகைக்கறை மங்கும், ஈப்புள்ளி அப்படியே நிற்கும். வீட்டில் இந்தக் கரைசல் வேண்டாம், தோலைச் சீவினாலே போதும்.

வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிவது பலரையும் பயமுறுத்துகிறது. கடையில் மினுமினுக்கும் ஆப்பிளில் பூசிய மெழுகு, குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போது வியர்த்து வெளுக்கும். வெந்நீரில் நனைத்த துணியில் வழவழப்பாக வந்தால் அது மெழுகு, பூஞ்சை அல்ல.

தோலைக் கிழிப்பது: ஸ்கேப்

ஆப்பிள் உலகில் மருந்துச் செலவில் பெரும்பங்கை விழுங்குவது ஸ்கேப் எனப்படும் சொறிநோய். காரணம் வென்டூரியா இனீக்வாலிஸ் என்ற பூஞ்சை. காஷ்மீரில் 1973-இல் பெருவாரியாகப் பரவியது. இமாசலத்தில் 1977-இல் தலைகாட்டி, 1983-இல் விளைச்சலைச் சீரழித்தது.

இளம் புள்ளி ஆலிவ் பச்சையில், வெல்வெட் துணியைத் தொட்டது போல இருக்கும். ஓரம் இறகு போலப் பிசிறடிக்கும். வயதான புள்ளி பழுப்புக் கறுப்பில், தக்கை போலக் காய்ந்து வெடிக்கும். லென்ஸில் பார்க்க வேண்டியது புள்ளியின் விளிம்பை. கிழிந்த மெழுகுத்தோல் வெள்ளை விளிம்பாகச் சுற்றி நிற்கும். புகைக்கறையில் அது இருக்காது, ஏனென்றால் அங்கே எதுவும் கிழிபடவில்லை. பிஞ்சிலேயே நோய் தொற்றியிருந்தால் அந்தப் பக்கம் வளராமல் பழம் கோணலாகும்.

ஸ்கேப் சதையை அழுக வைப்பதில்லை. தோலைச் சற்று ஆழமாகச் சீவிச் சாப்பிடலாம். ஆனால் வெடிப்பு என்பது திறந்த வாசல். அதன் வழியே ட்ரைக்கோதீசியம் ரோசியம் என்ற பூஞ்சை நுழைந்து வெளிர் இளஞ்சிவப்பு மாவு போல வளரும், சதை கசக்கும். இளஞ்சிவப்பையும் கசப்பையும் வைத்து இதைக் கசப்பழுகல் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பின்னால் வரும் வேறொரு அழுகல். பிரித்தறிய ஒரு வழி: இங்கே உலர்ந்த மாவு, அதுவும் பழைய ஸ்கேப் வடுவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கசப்பழுகலில் இருப்பது ஈரமான பசை.

வலைப்பின்னல் போன்ற பழுப்புச் சொரசொரப்பை ஸ்கேப் என்று எண்ண வேண்டாம். சாம்பல் நோய் பூக்காலத்தில் தாக்கிய தடம் அப்படி இருக்கும். உறைபனியும் சில மருந்துகளும் அதே தடத்தை விடும். பழத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. கிளை நுனியில் வெள்ளை மாவு படிந்த இலைகள் இருந்தால் சாம்பல் நோயைச் சந்தேகிக்கலாம். சாப்பிட எந்தத் தடையும் இல்லை.

சின்னக் கறுப்புப் புள்ளி: அதிகம் தவறும் இடம்

இங்கே நான்கு ஆட்கள் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

ஈப்புள்ளி மெழுகின் மேல் மேடாக நிற்கும். நகத்துக்குப் பெயர்ந்து வரும், அடியில் தோல் முழுசாக இருக்கும்.

குண்டூசி ஸ்கேப் என்பது அறுவடைக்கு முந்தைய மழையில் தொற்றி, கிடங்கில் வெளிப்படுவது. கறுப்பாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். மெழுகுத்தோல் இன்னும் கிழிந்திருக்காது என்பதால் நகத்துக்கு எதுவும் வராது. பறிக்கும்போது சுத்தமாக இருந்த பழத்தில் பிறகு புள்ளி வந்தால் விற்றவர்மேல் பழி போடத் தோன்றும். நோய் தோட்டத்திலேயே தொற்றிவிட்டது. பறிக்கும் நாளில் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மூன்றாவது பூஞ்சையே அல்ல. பிட்டர் பிட் எனப்படும் கசப்புக்குழி, பழத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதால் வருவது. காம்புக்கு எதிர்முனையை ஒட்டிய பாதியில் சிறு பள்ளங்களாகத் திரளும். தோலைச் சீவினால் உலர்ந்த பழுப்புத் தக்கைத் துணுக்குகள் சதையில் சிதறிக் கிடக்கும், நடுவே உள்ள சதை நன்றாக இருக்கும். பூஞ்சை அழுகல் மேலிருந்து உள்ளே தொடர்ச்சியாக இறங்கும், இப்படித் துண்டுதுண்டாக இருக்காது. இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது முழு வீண். வளரும் காயின் மேல் கால்சியம் குளோரைடைப் பலமுறை தெளிப்பதும், தழைச்சத்தையும் மிதமிஞ்சிய கவாத்தையும் (கிளை வெட்டுதல்) கட்டுப்படுத்துவதும்தான் வழி.

நான்காவது சான் ஓசே செதில் பூச்சி. சிவப்பு வளையம், நடுவில் சாம்பல் நிறச் சிறு தொப்பி. ஊசி முனையால் தொப்பியைத் தூக்கினால் அடியில் மஞ்சள் நிறப் பூச்சி தெரியும். லென்ஸ் இருந்தால் அரை நிமிடத்தில் முடியும் வேலை.

சதைக்குள் இறங்கியவை

இப்போது கத்தி. வெயில் கால அழுகல்கள் மூன்று, வெட்டுமுகத்தில் மூன்று வடிவங்கள்.

கசப்பழுகல், கொலெட்டோட்ரைக்கம் இனங்களால் வருவது. மேலே வட்டமாக, தட்டையாக உள்வாங்கிய பழுப்புப் பள்ளம். வெட்டினால் அழுகல் தோலில் அகன்று மையத்தை நோக்கிக் குறுகும், ஆங்கில எழுத்து வி போல. ஈரமான நாளில் பள்ளத்தின் மேல் வளையம் வளையமாக இளஞ்சிவப்பு அல்லது பாலாடை நிறப் பசை கசியும். அந்தப் பசை முழுக்கப் பூஞ்சையைப் பரப்பும் வித்துகள். மிளகாயிலும் மாவிலும் பழ அழுகலை உண்டாக்கும் அதே பேரினம்தான். காயமே இல்லாத பழத்திலும் நுழையக்கூடியது. 26 முதல் 30 டிகிரி வெப்பமும் மழையும் சேர்ந்தால் மிக வேகமாகப் பரவும்.

கருப்பழுகல் பெரும்பாலும் காம்புக்கு எதிரேயுள்ள பூமுனையிலோ பூச்சி துளைத்த இடத்திலோ தொடங்கும். பழுப்பும் கறுப்பும் மாறிமாறி வளையங்கள் வரும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும், பள்ளம் விழாது. வெட்டுமுகத்தில் வி வடிவம் இல்லை. பழைய அழுகலின் தோலில் மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்பு வித்துப்பைகள் முளைக்கும். அதே மரத்து இலைகளில் தவளைக் கண் போன்ற வட்டப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

வெள்ளையழுகலுக்குக் காரணம் போட்ரியோஸ்பேரியா டொதிடியா. தோலுக்கடியில் உருளை போல நேராக மையம் வரை இறங்கும். சூடான நாட்களில் சதை மென்மையாக, நீர்த்து இருக்கும். சிவப்பு வகைகளில் நிறம் வெளுத்து, வேகவைத்த ஆப்பிள் போலத் தெரியும்.

எங்கே தவறுகிறது என்றால், முழுக்க அழுகிய பழத்தை வெட்டுவதில்தான். மூன்றும் முற்றிய நிலையில் ஒன்றுபோலவே இருக்கும். வடிவம் பேசுவது அழுகல் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும்போதுதான். வெப்பமும் ஏமாற்றும்: குளிரான நாட்களில் வெள்ளையழுகலும் கெட்டியாக இருந்து கருப்பழுகல் போல நடிக்கும். ஒரே பழத்தை நம்பாமல் வெவ்வேறு நிலையிலுள்ள ஐந்தாறு பழங்களை வெட்டிப் பாருங்கள்.

கிடங்கில் வருபவை வேறு இரண்டு. நீலப் பூசணம் பிடித்த இடத்தைக் கரண்டியால் எடுத்தால் அழுகிய பகுதி நல்ல சதையிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும், மக்கிய வாடை அடிக்கும். சாம்பல் பூசணம் பிடித்த சதை பஞ்சு போலிருந்தாலும் அப்படிக் கழலாது. அது தொட்டுக்கொண்டிருக்கும் பழத்துக்குத் தாவி, பெட்டிக்குள் கொத்தாக அழுகும். நீலப் பூசணத்துக்குக் காரணமான பெனிசிலியம் எக்ஸ்பான்சம், பாட்டுலின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஆப்பிள் சாறில் அதற்கான வரம்பு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம், இந்திய விதியும் அதுவே. சூடாக்கினால் முழுதும் அழியாது. நஞ்சு அழுகலின் விளிம்பைத் தாண்டி நல்ல சதைக்குள்ளும் கொஞ்சம் ஊறும். அதனால் நீலம் கண்ட பழத்தை வெட்டிச் சரிசெய்து சாறு பிழிவதோ ஜாம் காய்ச்சுவதோ வேண்டாம். எறிந்துவிடுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் பழத்தில் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

ரெட் டெலிஷஸ் வகையில் வெளியே ஒரு குறையும் இல்லாமல் விதை அறையில் மட்டும் சாம்பல் பஞ்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் பூமுனைக் குழாய் திறந்தே இருப்பதால் பூஞ்சை உள்ளே போய்விடுகிறது. சதை பழுப்பாகாமல் இருந்தால் மையத்தைத் தாராளமாக நீக்கிவிட்டு உண்ணலாம், சதைக்குப் பரவியிருந்தால் வேண்டாம்.

பழம் எங்கிருந்து வந்தது?

கோயம்பேட்டுக்கு வரும் இந்திய ஆப்பிளில் பெரும்பகுதி இமாசலத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வருகிறது. இந்த ஊர்ப்பெயரே ஒரு தடயம். இமாசலத்தின் சிம்லா, குல்லு பக்கங்களில் காய் முற்றும் மாதங்களில் பருவமழை பெய்கிறது. எனவே புகைக்கறையும் ஈப்புள்ளியும் அங்கே அதிகம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குப் பீர் பஞ்சால் மலை அரணாக நிற்பதால் பருவமழை குறைவு. அங்கே மழை வசந்தத்தில், பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது வருகிறது. அது ஸ்கேப்புக்கு ஏற்ற நேரம். கின்னௌரின் வறண்ட பகுதிப் பழம் சுத்தமாக இருப்பதற்கும் மழை மறைவே காரணம். இது சாத்தியத்தைச் சொல்லும் கணக்கு மட்டுமே, லென்ஸுக்கு மாற்று அல்ல.

தோட்டத்தில் எடுக்கும் முடிவு

விவசாயிக்குப் பெயர் அவசியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காலம் வேறு. ஸ்கேப் வசந்தத்தில் தீர்மானமாகிறது. 16 முதல் 24 டிகிரியில் இலை 6 மணி நேரம் நனைந்தே இருந்தால் தொற்றும். 10 டிகிரியில் அதற்கு 11 மணி நேரம் வேண்டும். புள்ளி தெரிய மேலும் 9 முதல் 17 நாள். ஆகவே பழத்தில் ஸ்கேப்பைப் பார்த்த பிறகு அடிக்கும் மருந்து அந்தப் பழத்தைத் திருத்தாது. அந்த ஆண்டில் செய்யத் தகுந்தது, இலை உதிர்வதற்கு முன் 5 சதவீத யூரியா தெளித்து, உதிர்ந்த இலைகளை மக்கவைப்பது. குளிர்காலத்தில் பூஞ்சை தங்குவது அந்த இலைகளில்தான். புதிதாக நடுகிறவர்களுக்கு புளோரினா, லிபர்டி, பிரிமா போன்ற எதிர்ப்பு வகைகள் உண்டு.

புகைக்கறைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பூவிதழ் உதிர்ந்து 10 நாளுக்குப் பின் இலை நனைந்திருந்த மணிகளைக் கூட்டிக்கொண்டே வந்து, அமெரிக்காவின் கென்டக்கியில் 175 மணி எட்டும்போது முதல் தெளிப்பு தொடங்குகிறார்கள். வட கரோலினாவில் உருவான கணக்கில் முதல் அறிகுறி தெரிவது சுமார் 273 மணியில். வேறு மலைப்பகுதியில் அந்த எண்ணை அப்படியே நம்பாமல், உள்ளூர் அனுபவத்தோடு ஒப்பிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மருந்துக்கு முன் செய்ய வேண்டியது கவாத்து. கிளை நெருக்கத்தைக் குறைத்து, காய்க் கொத்தைக் கலைத்து, வேலியோர முள்செடிகளை வெட்டினால் பழம் சீக்கிரம் உலரும். அடர்ந்த மரத்தில் மருந்து உள்ளே போகாது, கறை உள்பக்கப் பழத்தில்தான் தொடங்கும்.

கசப்பழுகலுக்கு, கிளையிலேயே காய்ந்து தொங்கும் பழங்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது முதல் வேலை. கருப்பழுகலுக்கும் வெள்ளையழுகலுக்கும் செத்த கிளையை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய கிளையை மரத்தடியிலேயே குவித்தால் வித்துகள் அங்கிருந்தே கிளம்பும்.

ஈரப்பெட்டியா, ஆய்வகமா?

கத்திக்கும் லென்ஸுக்கும் பிடிபடாதபோது இரண்டு வழிகள். ஈரப்பெட்டிச் சோதனைக்குச் செலவே இல்லை. பழத்தைக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, ஈரமான காகிதத் துண்டு விரித்த பிளாஸ்டிக் பெட்டியில் பழம் தண்ணீரில் படாதபடி ஒரு மூடியின் மேல் வைத்து, அறை வெப்பத்தில் 3 முதல் 7 நாள் விடுங்கள். இளஞ்சிவப்புப் பசை வந்தால் கசப்பழுகல். கறுப்பு மிளகுப் புள்ளி வந்தால் கருப்பு அல்லது வெள்ளையழுகல். நீலப்பச்சை மாவும் வெள்ளை விளிம்பும் நீலப் பூசணம், சாம்பல் பஞ்சு சாம்பல் பூசணம். ஆல்கஹால் துடைப்பைத் தவிர்த்தால் தோலில் கிடந்த ஏதோ ஒரு பூஞ்சை முதலில் வளர்ந்து தவறான பதிலைச் சொல்லும். பெட்டியை வீட்டுக்கு வெளியே திறவுங்கள், பிறகு பழத்தைக் கட்டி எறியுங்கள்.

பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது எங்கள் முடிவு. கருப்பா வெள்ளையா என்று தெரியாவிட்டாலும் இரண்டுக்கும் செத்த கிளையை வெட்டுவதே வேலை. ஆய்வகம் தேவைப்படும் சூழல் ஒன்று: கசப்பழுகலுக்குச் சரியான நேரத்தில் மருந்தடித்தும் கேட்கவில்லை என்றால். கொலெட்டோட்ரைக்கத்தில் அகுடேட்டம் கூட்டத்தைச் சேர்ந்தவை கார்பென்டசிம் வகை மருந்துகளுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதவை. அந்தக் கூட்டம்தானா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும்.

மாதிரி அனுப்பும்போது முழுக்க அழுகியதைத் தவிர்த்து, தொடக்க நிலையிலும் நடு நிலையிலும் உள்ள 5 முதல் 10 பழங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் உலர்ந்த செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து, வழியிலேயே வேறு பூஞ்சை மூடிவிடும். அதே மரத்தின் இலையையும் சிறு கிளையையும் சேர்த்து, வகையின் பெயர், மழை பெய்த நாட்கள், கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றைச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வாரக் கடைசியில் தபால் நிலையத்தில் கிடக்காமல், திங்கள் அல்லது செவ்வாயன்று அனுப்புங்கள்.